சிவப்பு வாளியில் தண்ணீர்!

டமார்!

ஃபெரியில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கமாக ஓடினார்கள். படகு சாய்ந்தது.

"அரே பைட்டோ! உக்காருங்கய்யா, கவுந்துரும்!" என்று அலறினான் படகோட்டி.

யார் கேட்டார்கள்? எதிர்க்கரையில், போர்ட் பிளேரின் ஹேடோ பக்கம், கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

ஞானசெல்வி கூட்டத்தை இடித்துக்கொண்டு படகின் முனைக்கு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அரை நாள் லீவு போட்டு, மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, பாம்பூஃப்ளாட்டிலிருந்து வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

புகை வந்த கூரை... அவள் வேலை பார்க்கும் கூரை!

கலங்கரை விளக்குகளுக்குப் புது மாதிரி பேட்டரி தேடும் ஆராய்ச்சிக்கூடம் அது. தலைமை, டாக்டர் இராமகிருஷ்ணன். அட்டெண்டர், அவள் புருஷன் தாமஸ்.

படகு கரை சேருமுன் குதித்தாள். ஓடினாள். வாசலிலேயே போலீஸ் தடுத்து ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தது.

வெள்ளைத் துணி போர்த்தி ஒரு உடலைத் தூக்கி வந்தார்கள். துணியை விலக்கினாள்.

டாக்டர்!

"கடவுளே... தாமஸ் எங்க?"

தாமஸ் ஜீப்பில் இருந்தான். கையில் விலங்கோடு!

*

டாக்டர் இராமகிருஷ்ணன் எதையும் எடுத்தவுடன் காய்ச்சிப் பார்க்கிற ஆள் இல்லை. முதலில் கணக்கு!

லித்தியம் என்கிற லேசான உலோகம், பேட்டரிக்குள் வேறொரு பொருளின் அடுக்குகளுக்கு நடுவே குடிபுக வேண்டும். கிளம்ப வேண்டும். மறுபடி குடிபுக வேண்டும். எந்தப் பொருள் இந்தப் போக்குவரத்தைத் தாங்கும், எது இடிந்து விழும் என்பதைச் செய்து பார்க்காமலே கணக்கில் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி.

கம்ப்யூட்டரா? எழுபத்தேழில்? போர்ட் பிளேரிலா? நல்ல ஆளைக் கேட்டீர்கள்!

கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் மெஷின் இரண்டு. ஹேடோவில் ஒன்றைச் சுற்றுபவள் ஞானசெல்வி. டெலானிபூர் ஆபீசில் இன்னொன்றைச் சுற்றுபவள் ருக்கு. ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடுவார்கள். ஒருத்தி விடையை மற்றவள் பார்க்கக்கூடாது. இரண்டும் டேலி ஆனால்தான் அது விடை. ஆகாவிட்டால் வெறும் காகிதம்.

டாக்டர் அதில் மகா கறார்.

*

மறுநாள். போலீஸ் ஸ்டேஷன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அவர் செய்யல சார்!"

இன்ஸ்பெக்டர் இருதயநாதன் டீயை ஊதிக் குடித்தார்.

"சுனோம்மா. உன் புருஷனே சொன்னதுதான். அந்த உலோகத்துல நெருப்பு பிடிச்சா மணல்தான் கொட்டணும். தண்ணி பட்டா வெடிக்கும். சரியா?"

"சரி சார்."

"அதுக்காகவே சிவப்பு வாளி. மூடி போட்டு, உள்ளே மணல். அதைப் பார்த்துக்கறது யார் வேலை?"

"...அவர் வேலைதான்."

"நேத்து டாக்டர் கட்டியை வெட்டறப்ப நெருப்பு பிடிச்சிருக்கு. அவசரத்துல மூடியைத் தள்ளிட்டு வாளியைக் கவிழ்த்திருக்காரு. உள்ளே இருந்தது தண்ணி! கத்தம், ஆள் போயாச்சு! அறை பூரா தேடிட்டேன், ஒரு பிடி மணல் இல்ல."

"வேற யாராவது மாத்தி வெச்சிருக்கலாமே சார்!"

"எதுக்கும்மா? எவனைக் கேட்டாலும் நெருப்பை அணைக்கத் தண்ணிதான்னு சொல்வான். தண்ணியால ஆளைக் கொல்லலாம்னு தெரிஞ்சவங்க இந்தத் தீவுல மூணு பேர். டாக்டர் போயிட்டாரு. நீ ஃபெரியில இருந்தே. பாக்கி யாரு?"

இன்ஸ்பெக்டர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"போதாததுக்கு டெலானிபூர் ஆபீஸ் ஹெட் கிளார்க் சண்முகம் பார்த்திருக்காரு. வருகைப் பதிவை வாங்க வந்தப்ப, தாமஸ் குழாயடியில சிவப்பு வாளியோட நின்னானாம். பக்கா கேஸ்!"

உண்மையை மறைக்காமல் சொன்னதே தாமஸுக்கு எமனாகிவிட்டது.

*

கம்பிக்கு அந்தப் பக்கம் தாமஸின் உதடு வீங்கியிருந்தது.

"வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுரலாம்னு பாக்கேன்ட்டி."

"என்னது!"

"இல்லன்னா உன்னையும் சேத்து உள்ள தள்ளிருவாவளாம். பிள்ளைக்கு யாரு இருக்கா?"

"போட்டா தூக்குங்க... தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷன் ஒரு நண்டின் காலைக்கூடக் கட்ட மனசில்லாமல் விட்டுவிடுகிறவன்!

"சாயங்காலம் வரைக்கும் போடாதீங்க. பிள்ளை மேல சத்தியம் பண்ணுங்க!"

"சாயங்காலத்துக்குள்ள என்னட்டி செய்வே?"

தெரியவில்லை! அதுதான் கொடுமை!

நனைந்துகொண்டே துறைமுகம் வந்தாள். மெயின்லேண்ட் கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது. பெட்டி தூக்குகிறவர்கள் நடுவே ஒரு வெள்ளை வேட்டி... காண்ட்ராக்டர் பழனிசாமி! பழைய பேட்டரி அத்தனையும் சப்ளை செய்கிறவர். புதுசு வந்தால் அவர் பிழைப்பில் மண்!

'இவர்தான்... ஆனா தண்ணி விஷயம் இவருக்குத் தெரியும்னு எப்படி நிரூபிக்கிறது?'

கப்பல் போய்விட்டால் எல்லாம் போச்சு!

கால் இடறியது. யாரோ சுருட்டி வைத்திருந்த மீன் வலை. அதன் ஓரம் முழுக்கக் கறுத்த ஈயக் குண்டுகள்.

ஞானசெல்வி அப்படியே நின்றாள்.

பிறகு குனிந்து, பெரியதாக ஒன்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்!

*

"சார், தண்ணி பட்டா உலோகம் எரியும்னு கோர்ட்ல சொன்னா ஜட்ஜ் சிரிக்க மாட்டாரா?"

இருதயநாதன் தாடையைச் சொறிந்தார். "அதான் எனக்கும் உதைக்குது."

"டாக்டர் வெச்சிருந்த கட்டி ஒண்ணு மிஞ்சியிருக்கு. நான் செஞ்சு காட்டறேன். பழனிசாமியும் சண்முகம் சாரும் சாட்சியா வரட்டும். ஆனா என்ன நடக்கும்னு அவங்ககிட்ட மூச்சு விடாதீங்க."

"உன் புருஷன் கழுத்துக்கு நீயே கயிறு திரிக்கிறியேம்மா!"

"பரவாயில்ல சார். ஜல்தி... கப்பல் கிளம்பிடும்!"

*

கருகிய ஆராய்ச்சிக்கூடம். நடுவே ஒரு மேஜை. தரையில் ஒரு வாளித் தண்ணீர்.

பழனிசாமி வெற்றிலையை மென்றுகொண்டு வந்தார். பின்னாலேயே தோல் பையோடு ஹெட் கிளார்க் சண்முகம். அழுது சிவந்த கண்ணோடு ருக்குவும் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"செல்விக்கா, உங்ககிட்ட அவசரமா ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் ருக்கு!"

இன்ஸ்பெக்டர் ஒரு பழுப்பு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இதுல என்ன இருக்கு? யாருக்காவது தெரியுமா?"

"மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது. விளக்குக்கா?" என்றார் பழனிசாமி.

"நான் ஃபைலோட குப்பை கொட்டறவன் சார்," என்றார் சண்முகம். "வராந்தாவைத் தாண்டி உள்ளே வந்ததே இன்னிக்குத்தான். எனக்கென்ன தெரியும்? லீவுல ஊருக்குப் போறேன், சீக்கிரம் விடுங்க."

ஞானசெல்வி இடுக்கியை உள்ளே விட்டாள். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கறுத்த கட்டி ஒன்று வெளியே வந்தது. மண்ணெண்ணெய் சொட்டியது.

அவள் கண் பழனிசாமியின் முகத்திலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் நைசாக வாசற்படிக்கு நகர்ந்தார்.

கட்டி வாளிக்கு மேலே வந்தது.

பழனிசாமி கழுத்தை நீட்டி... வாளிக்குள் எட்டிப் பார்த்தார்!

ஞானசெல்விக்கு உயிரே போய்விட்டது. இவருக்குத் தெரியாது! இவர் இல்லை! அய்யோ, தாமஸ்...

இடுக்கி நழுவியது.

"போடாதே! வெடிச்சிடும்... அய்யோ, எல்லாரும் சாகப் போறோம்!"

அலறியது சண்முகம்! பையைப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்து, காதைப் பொத்திக்கொண்டு சுருண்டார்.

ப்ளக்!

கட்டி முங்கியது. இரண்டு குமிழி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

"என்னம்மா... நமத்த பட்டாசா?" என்றார் இருதயநாதன் வாசற்படியிலிருந்து.

"வலைக் குண்டு சார். வெறும் ஈயம்."

இன்ஸ்பெக்டர் மெல்ல நடந்து வந்து மேஜைக்கு அடியில் குனிந்தார்.

"சண்முகம்... வெடிக்கும்னு யாருய்யா சொன்னது?"

"அ... அது... நேத்து வெடிச்சுதே..."

"நேத்து வெடிச்சது மண்ணெண்ணெய் டின்னுன்னுதான் ஹேடோ பூரா பேச்சு. கிளப்பி விட்டதே நான்தான்! தண்ணியில போட்டா வெடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"டைப்!" ஞானசெல்வி கத்தினாள். "டாக்டர் ரிப்போர்ட் அத்தனையும் டைப் அடிச்சது இவர் சார்! ஒரு வரி விடாம படிச்சிருக்காரு! இவரை மறந்தே போனேனே!"

பழனிசாமி வெற்றிலையை விழுங்கிவிட்டு இருமினார்.

சண்முகம் வெளியே தவழ்ந்து வந்தார். முகம் மாறியிருந்தது.

"ஆமா! நான்தான் மாத்தினேன்! அவர் உயிரோட இருந்தா கண்டுபிடிச்சது யாருன்னு கேள்வி வரும்ல?"

"தாமஸைக் குழாயடியில பார்த்தது?"

"பார்க்கல."

ஞானசெல்வி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமாக வந்தது. தாமஸ் வீட்டுக்கு வருவான். இன்றைக்கே வருவான்!

சண்முகம் திடீரென்று சிரித்தார்.

"என்னைப் பிடிச்சு என்ன புண்ணியம்? எந்தப் பொருள் தாங்கும்ங்கிற கணக்கு நேத்தே ப்ளேன்ல மெயின்லேண்டுக்குப் போயிடுச்சு. ருக்கு கொடுத்தனுப்பின விடை. டெலானிபூர்ல என் கையைத் தாண்டித்தானே டாக்டருக்குப் போகணும்? வாங்கினவன் பெரிய கம்பெனி. எனக்குத் தூக்கு... உங்க ஆராய்ச்சிக்கு நாமம்!"

டாக்டரின் அத்தனை வருஷ உழைப்பு!

ருக்கு மூக்கை உறிஞ்சினாள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன் செல்விக்கா... ராத்திரி தூக்கம் வரல. காலையில இங்க வந்து, கருகாம மிஞ்சின உங்க டிராயரைத் திறந்து உங்க விடையோட என்னுதை டேலி பார்த்தேன். ஆகல. நான்... மைனஸ் போடற இடத்துல பிளஸ் போட்டுட்டேன்!"

ஞானசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசுக்குள் மெஷின் ஒரு சுற்று சுற்றியது.

"அப்படின்னா அந்தப் பொருள்..."

"தாங்காதுக்கா. நாலு தடவை சார்ஜ் பண்ணினா அப்பளமா நொறுங்கிடும்!"

சண்முகத்தின் வாய் திறந்தது. மூடவில்லை.

இருதயநாதன் தாமஸின் விலங்குச் சாவியை ஞானசெல்வியிடம் நீட்டிவிட்டு, கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

"ஐயாவைக் கூட்டிட்டுப் போ. டேலி பார்க்காம திருடியிருக்காரு. கணக்குல ரொம்ப வீக்... உள்ளே உட்கார்ந்து கம்பியாவது சரியா எண்ணிப் பழகட்டும்!"