சாய்த்து வைத்த லென்ஸ்

பாயில் ஈரம் இருந்தது. காமிராத் திரையில் மட்டும்.

மிசுஹோ கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெந்நீர் ஊற்று விடுதியின் பெரிய கூடம். போன வாரம்தான் மாற்றிய புதுக் கோரைப்பாய்கள் பச்சை வாசம் மாறாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காய்ந்து கிடந்தன. வெளியே மதியத்திலிருந்து மழை விடாமல் பெய்ய, இழுத்து மூடிய மரப்பலகைகளின் இடுக்கு வழியே சாம்பல் வெளிச்சமும் கந்தக நாற்றமும் கசிந்துகொண்டிருந்தன. திரையைக் கண்ணோடு ஒட்டிப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை; கழற்றி வைத்துவிட்டு மறுபடி துணிக்குள் போனாள். ஈரம் அங்கேயே இருந்தது.

கைப்பையில் அடங்குகிற காமிரா அது; தாழ்ந்த முக்காலியில் ஏற்றி, அதன் பின்னால் மண்டியிட்டிருந்தாள். முன்னொரு சட்டம், திரையோடு பின்னொரு சட்டம், நடுவில் மடிப்பு மடிப்பான துருத்தி. முன்சட்டத்தில், பழைய இருட்டறையின் படம் பெரிதாக்கும் கருவியிலிருந்து கழற்றி அவளே பொருத்திய லென்ஸ். வாசல் பக்கப் பாயின் கோரையிலிருந்து கோடிப் பாயின் கரைத் துணிவரை எல்லாம் துல்லியமாக விழ வேண்டுமென்று விடுதிக்காரர் அடம்பிடித்திருந்தார். அதற்கு லென்ஸை முன்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்த்தால், சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஃபோகஸ் தளம் சொன்ன பேச்சு கேட்டுத் தரையோடு படுத்துக்கொள்ளும்.

அரையிருட்டில் ஃபோகஸ் பிடிக்க ஓர் ஒளிப்புள்ளி வேண்டாமா? அதற்காக அவள் தம்பி ஷுஜி கூடத்தின் கோடியில் மண்டியிட்டு, பேனா டார்ச்சைப் பாயோடு ஒட்டிப் பிடித்திருந்தான்.

"அக்கா, இன்னும் எவ்ளோ நேரம்? கால் மரத்துப்போச்சு."

"பேசாம இரு. டார்ச்சு ஆடுது."

"டார்ச்சு ஆடல, உன் கைதான் ஆடுது. வயசாச்சுல்ல."

சிரித்துக்கொண்டே அவள் திரையைப் பெரிதாக்கினாள். ஈரம் என்று நினைத்தது முடி. கோரையோடு கோரையாகப் படிந்த நீளமான, நனைந்த முடி.

தூசியாக இருக்குமென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே ஒட்டிய தூசி என்றால் ஃபோகஸை மாற்றினாலும் திரையில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபோகஸ் திருகைத் திருப்பினாள். துருத்தி முனகி நீண்டது. ஃபோகஸின் தூரத்து விளிம்பு, பெட்டி மூடியைத் திறப்பதுபோல் தரையைவிட்டு மேலெழுந்தது. பாய் மங்கியது. முடி மங்கவில்லை. ஃபோகஸோடு சேர்ந்து அதுவும் எழுந்தது. முடிக்கு அடியில் ஒரு நெற்றி. மூடிய கண்கள். அந்தரத்தில், ஷுஜியின் இடுப்பு உயரத்தில், தண்ணீரில் மிதப்பதுபோல் ஒரு முகம்.

துணியை விலக்கி, கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். ஷுஜி தனியாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

துணிக்குள் குனிந்தாள். விரல் பட்டுத் திருகு இன்னும் கொஞ்சம் திரும்பிவிட்டது. முகம் அவன் தோளில் இருந்தது.

"ஷுஜி, எழுந்து இங்க வா."

"அசையாதேன்னு நீதானே சொன்ன?"

"வான்னா வாடா!"

அவன் எழப்பார்த்தான். மரத்த கால்கள் மடங்கி, சிரித்தபடியே பொத்தென்று உட்கார்ந்தான். "முடியலக்கா. ரெண்டும் கட்டை மாதிரி கிடக்கு. எந்தக் கதவு தொறந்திருக்கு? கழுத்துல ஜில்லுனு படுது."

திரையில் அவன் கழுத்தைச் சுற்றி விரல்கள். முகத்தின் கண்கள் திறந்திருந்தன.

மிசுஹோவின் கை அணைக்கும் பொத்தானுக்குப் போனது. காமிராவை அணைத்துவிடலாம், ஆனால் பார்க்காவிட்டால் அது இல்லையென்று ஆகிவிடுமா? ஃபோகஸ் போகும் இடத்துக்கெல்லாம் அது போகிறது. தான்தான் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம்பியின் கழுத்தில் வைத்திருக்கிறோம். உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருப்பவன் அவன் ஒருவன்.

தான் வைத்ததைத் தானே எடுக்க வேண்டும். திருகை எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

விரல்கள் நழுவின. தோள். இடுப்பு. முழங்கால். பாய். அவள் நிறுத்தவில்லை. பாய்க்கும் கீழே, பலகைக்கும் கீழே, மண்ணுக்குள். திருகு முட்டி நிற்கும்வரை திருப்பினாள். திரை முழுக்க வெறும் மங்கல்.

"அப்பாடா, குளிர் போச்சு," என்றான் ஷுஜி. "காலும் வந்துருச்சு." நொண்டி நொண்டி வரும் சத்தம் கேட்டது.

போன உயிர் திரும்பியதுபோல் இருந்தது. துணிக்குள்ளேயே கண்ணை மூடி மூச்சுவிட்டாள். தம்பி பிழைத்தான். அது போதும்.

அப்போதுதான் உறைத்தது.

கதவு எப்படித் திரும்பினாலும் கீல் நகராது. சாய்த்த லென்ஸின் ஃபோகஸுக்கும் கீல் உண்டு. மேலே தூக்கினாலும் கீழே இறக்கினாலும் அந்த ஒரு கோடு மட்டும் அசையாது; ஃபோகஸோடு ஒட்டிய அந்த முகத்துக்கு அங்கே எப்போதும் இடமுண்டு. லென்ஸுக்கு நேர் கீழே. தரையில்.

அவள் மடிக்கு முன்னால்.

துணியின் கீழ்நுனி இழுபட்டது. முழங்காலில் சில்லிப்பு. கந்தக நாற்றம்.

"அக்கா?" ஷுஜியின் காலடி பாதி வழியில் நின்றது. "துணிக்குள்ள... உன்கூட யாரு?"

குனிந்தாள். மூக்குக்கண்ணாடி வெளியே இருந்தது. அது இல்லாமல் அவளுக்குத் தன் முழங்காலே புகைமூட்டமாகத்தான் தெரியும். அப்படித்தான் தெரிந்தது. முழங்கால் மங்கல். கைகள் மங்கல். அவற்றின்மேல் பரவிக் கிடந்த ஈர முடி மட்டும் இழை இழையாகத் தெரிந்தது.

முடிக்கு நடுவில் இரண்டு கண்கள். இமைமயிரை எண்ணிவிடலாம், அத்தனை துல்லியம்.