நாற்பத்தோராவது கல்லீரல்

"ஐயோ... சார்!"

காலை ஆறு மணி. திசு ஆய்வுக் கூடத்தின் கதவைத் திறந்த டெக்னீஷியன் போட்ட கூச்சலில், கீழே தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் நாற்காலியோடு எழுந்தான்!

கண்ணாடி சார் செத்துப் போயிருந்தார்.

சதைத் துண்டுகளில் மெழுகு ஏற்றும் மெஷினில் சாய்ந்து, உட்கார்ந்த வாக்கில். பின்மண்டையில் உறைந்த ரத்தம். கிட்டப் பார்க்கிற கண்ணாடி மூக்கில், தூரப் பார்க்கிற கண்ணாடி நெற்றியில்... உயிரோடு இருந்தபோது இருந்த மாதிரியே.

அந்தக் கூடத்து டாக்டர்களில் நிஜமாக மைக்ராஸ்கோப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மருந்துக் கம்பெனிகள் எலிகளுக்குப் புது மருந்தைக் கொடுக்கும். எலி செத்ததும் அதன் உறுப்புகள் இங்கே வரும். அவற்றை மெழுகில் பதித்து, தலைமுடியை விட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மருந்து உள்ளே என்ன செய்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் மனிதனுக்கு ஊசி!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். கூடவே ஒரு கான்ஸ்டபிள். பின்னாலேயே... டைரக்டர்.

டைரக்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயருக்குப் பின்னால் ஆறு பட்டங்கள். வரவேற்பறைச் சுவரில் பதினொரு கேடயங்கள். மைக்ராஸ்கோப்பை அவர் கடைசியாகத் தொட்டது, அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கு!

அன்றைக்கு மட்டும் அதிசயமாக இரண்டு கையிலும் நீல நிற உறை மாட்டியிருந்தார்.

"அடடா... தங்கமான மனுஷன் மேடம்! தரையில மெழுகு சிந்திக் கிடக்கும். வழுக்கி விழுந்திருக்கார். துடைங்க, துடைங்கன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன்."

"வழுக்கி எங்க விழுந்தார்?"

"அதோ, அந்த மேஜை ஓரத்துல."

"மேஜையிலேருந்து மெஷின் வரைக்கும் ரத்தம் கோடு போட்ட மாதிரி இருக்கே. எதுக்கு இவ்வளவு தூரம் தவழ்ந்து வந்தார்?"

டைரக்டர் யோசித்தார். ஆறு பட்டங்களும் சேர்ந்து யோசித்தன.

"தாகமா இருந்திருக்கும் மேடம்."

"அந்த மெஷின்ல என்ன இருக்கு?"

"ஃபார்மலின், ஆல்கஹால், அப்புறம் மெழுகு..."

"அதைக் குடிக்க வந்தாரா?"

டைரக்டர் கை உறையைச் சரிசெய்துகொண்டார்.

"சரி. அவரோட செல்ஃபோனைக் காணோம். அதுவும் வழுக்கி விழுந்து எங்கயாவது ஓடிடுச்சா? கதவு வேற வெளியில பூட்டியிருந்திருக்கு!"

"இன்னொரு சாவி இவகிட்ட இருக்கு மேடம்!" நீல விரல் டெக்னீஷியனை நோக்கி நீண்டது. "நான் நேத்து அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன். கடைசியா யார் இருந்தாங்கன்னு இவளைக் கேளுங்க!"

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். முப்பத்தைந்து வயது. பத்து வருடமாக மெழுகோடு மெழுகாக உருகியவள். கண்ணாடி சார்தான் அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்.

"நானும் அஞ்சுக்கே போயிட்டேன் மேடம். சார் மட்டும் இருந்தார். நாப்பது எலியோட கல்லீரலையும் வெட்டி கேசட்ல போட்டுக்கிட்டு இருந்தார்."

"கேசட்டா?"

"பாட்டுக் கேசட் இல்ல மேடம். ஓட்டை ஓட்டையா இருக்கிற சின்ன பிளாஸ்டிக் டப்பா. ஒரு துண்டு சதைக்கு ஒரு டப்பா. எல்லாத்தையும் கூடையில அடுக்கி இந்த மெஷினுக்குள்ள இறக்கி டைமர் வச்சுட்டா, தானா ஓடி, காலையில மெழுகு ஏறி ரெடியா இருக்கும்."

பீப்... பீப்... பீப்...!

செத்தவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மெஷின் கத்தியது. வேலை முடிந்துவிட்டதாம்!

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், பாடியைக் கொஞ்சம் சீக்கிரம் எடுத்துட்டீங்கன்னா... வேலை நடக்கணும். ஒரு மணிக்குள்ள ரிப்போர்ட் போகணும். ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கு முதல் ஊசி போடறாங்க. கம்பெனிக்காரங்க கோவிச்சுக்குவாங்க."

"கண்ணாடி சார் இல்லாம யார் கையெழுத்துப் போடறது?" டெக்னீஷியன் கேட்டாள்.

"நான் இருக்கேனே!"

அதைக் கேட்டதும் அவள் கண்ணில் நீர் முட்டியது. அழுகை அல்ல, ஆத்திரம்.

பாடி போனது. படம் எடுத்தார்கள், அளந்தார்கள், அந்த மூலையைக் கயிறு கட்டி அடைத்தார்கள். கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கூடையைத் தூக்கி எண்ணினாள்.

மறுபடி எண்ணினாள்.

"மேடம்... கொஞ்சம் இங்க வாங்களேன்."

"என்னம்மா?"

"லிஸ்ட்ல நாப்பது. கூடையில நாப்பத்தொண்ணு!"

கடைசி டப்பாவில் பென்சிலால் 41 என்று எழுதியிருந்தது. கண்ணாடி சார் எழுத்துதான். ஆனால் கோணல் மாணலாக, நடுக்கத்தோடு.

அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. திருப்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் காதில் ஏதோ சொன்னாள்.

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"நிச்சயமா?"

"பத்து வருஷமா இதைத்தானே மேடம் பார்க்கறேன்!"

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. மத்த நாப்பதோட சேர்த்து இதையும் சீவு."

"மேடம்... அந்த நாப்பது கல்லீரலும் நாசம். மஞ்சளா, தொட்டா உதிருது. அந்த ஊசியை ரெண்டு மணிக்கு முதல்ல போட்டுக்கப் போறது யார் தெரியுமா? என் தம்பி!"

நடைபாதையில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், ஊசி போட்டுக்காதடா. எழுந்து வந்துடு!"

"என்னக்கா திடீர்னு?"

"அந்த மருந்து கல்லீரலை அரிச்சுடுதுடா. நான் கண்ணால பார்த்தேன்!"

"ரிப்போர்ட்ல அப்படி இருக்கா?"

"இல்ல... ஆனா..."

"அக்கா, ஆறு வருஷமா இந்த வியாதியோட படுத்துக் கிடக்கேன். இப்பதான் ஒரு வழி தெரியுது. நீ மெழுகு உருக்கறவ. டாக்டர் கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும், அப்ப எழுந்து வரேன்."

போன் கட்!

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க மேடம்!"

"கல்லீரல் கெட்டுப் போச்சுன்னு போலீஸ்காரி சொன்னா எந்த ஆஸ்பத்திரி கேக்கும்? நாப்பத்தொண்ணை நம்ம தடயவியல் ஆளுங்ககிட்ட குடுத்து முடிவு வர நாளாகும். உன் தம்பிக்கு அவ்வளவு டைம் இல்ல. அந்த ஆளோட கையெழுத்து செல்லாக்காசுன்னு இன்னைக்கே நிரூபிக்கணும். அதை அவரை விட்டா வேற யாரும் அவ்வளவு நல்லா செய்ய முடியாது. நீ போய் சீவு!"

சீவினாள். மெழுகுக் கட்டிகள் பிளேடில் ஏறி இறங்கின. நாடா நாடாக வந்த சீவல்களை வெந்நீரில் மிதக்க விட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தினாள். ஊதாச் சாயம், ரோஸ் சாயம். சாயத்தைச் சரிபார்க்கும் சின்ன மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு கல்லீரலிலும் பொத்தல் பொத்தலாக வெள்ளை ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் தம்பி முகம் தெரிந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு நாற்பத்தொரு ஸ்லைடும் தட்டில் தயார்.

"சார், ஸ்லைடு ரெடி."

"வச்சுட்டுப் போ. ஒவ்வொண்ணையும் உன்னிப்பாப் பார்க்கணும். யாரும் தொந்தரவு பண்ணாதீங்க!"

கதவு சாத்திக்கொண்டது.

கான்ஸ்டபிள் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். திரும்பினான். சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தான்.

"மேடம்... மைக்ராஸ்கோப் மேல போட்ட பிளாஸ்டிக் கவரையே அவர் எடுக்கல!"

"என்ன பண்றார்?"

"தட்டுல ஸ்லைடை எண்ணிட்டு, கம்ப்யூட்டர்ல அத்தனை தடவை ஒரே பட்டனைத் தட்டறார். டொக்... டொக்... டொக்..."

பத்தே நிமிடம்! கதவு திறந்தது. நெற்றியில் வியர்வை கூட இல்லை.

"முடிஞ்சுது மேடம். ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிட்டேன். அற்புதமான மருந்து!"

"அனுப்பிட்டீங்களா?" டெக்னீஷியன் அலறினாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று அடிக்க ஐந்து நிமிடம். "மேடம், என் தம்பி...!"

"பொறும்மா." இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், எல்லா ஸ்லைடும் நீங்களே பார்த்தீங்களா?"

"ஒவ்வொண்ணா!"

"ஏதாவது கோளாறு?"

"துளி கூட இல்ல. முதல் எலியிலேருந்து கடைசி எலி வரைக்கும் வைரம் மாதிரி கல்லீரல்."

ட்ரிங்... ட்ரிங்...!

மேஜைப் போன். இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து பெரிய டாக்டர் பேசறேன். உங்க ரிப்போர்ட் வந்துது. ஒரு சின்ன சந்தேகம்... கம்பெனி உங்களுக்கு அனுப்பினது நாப்பது எலி. நீங்க நாப்பத்தொரு எலிக்கு எழுதியிருக்கீங்களே?"

டைரக்டர் போன் பக்கம் குனிந்தார்.

"அது... டைப்பிங் மிஸ்டேக் டாக்டர். ஒரு நம்பர் கூட வந்துடுச்சு."

"டாக்டர், நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். டைப்பிங் மிஸ்டேக் இல்ல. நாப்பத்தோராவது ஸ்லைடு இதோ இருக்கு. அதுக்கு என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க."

"ஆண் எலி. கல்லீரல். ஆரோக்கியம். மாற்றம் எதுவும் இல்லை. கீழே கையெழுத்து."

"நீயே சொல்லும்மா, அது என்ன?"

டெக்னீஷியன் மைக்ராஸ்கோப்பின் கவரை உருவி எறிந்தாள். ஸ்லைடை வைத்தாள். குரல் நடுங்கவில்லை.

"கல்லீரல்ல முடி முளைக்காது மேடம். இதுல முடி வேர் இருக்கு. வேர்வைச் சுரப்பி இருக்கு. இது தோல். மனுஷத் தோல்!"

டைரக்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சார்..." இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். "அந்த உறையைக் கொஞ்சம் கழட்டுங்களேன்."

"இது... லேப் ரூல்ஸ் மேடம்..."

"கான்ஸ்டபிள்!"

கான்ஸ்டபிள் வலது கை உறையை உருவினான். ஆள்காட்டி விரலின் முதுகில் கட்டு. கட்டை அவிழ்த்தால்... சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தோலைக் காணோம்! சுற்றிலும் பல் பதிந்த தடம்.

"பிளேடு... பிளேடு வெட்டிடுச்சு!"

"பிளேடுக்குப் பல்லு முளைச்சுதா? நேத்து சாயந்தரம் கல்லீரல் நாசம்னு எழுதுவேன்னு சொன்னார். நீங்க கழுத்தைப் பிடிச்சீங்க, கடிச்சார். தள்ளி விட்டீங்க, மேஜையில மண்டை உடைஞ்சுது. செத்துட்டார்னு ஃபோனைப் பிடுங்கிட்டு, கதவைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டீங்க. ஆனா அவர் சாகல! டைமர் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தவழ்ந்து வந்து, வாயில இருந்ததை டப்பாவில போட்டு, நம்பர் எழுதி, கூடையில சேர்த்துட்டார். காலையில இந்தப் பொண்ணு எண்ணிப் பார்ப்பான்னு அவருக்குத் தெரியும். நீங்க பார்க்க மாட்டீங்கன்னும் தெரியும்!"

டைரக்டர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"வேணும்னு பண்ணல மேடம்... ஒரு கையெழுத்துதான் கேட்டேன்... பிடிவாதம் பிடிச்சார்..."

ஸ்பீக்கரில் பெரிய டாக்டர் கத்திக்கொண்டிருந்தார். "ஹலோ! ஹலோ! அப்ப மத்த நாப்பது?"

"பொத்தல் டாக்டர்!" டெக்னீஷியன் போனில் பாய்ந்தாள். "நாப்பதும் பொத்தல்! ஊசியை நிறுத்துங்க!"

"நிறுத்தியாச்சும்மா. ட்ரேயைத் திருப்பி எடுக்கச் சொல்லிட்டேன். நானே வந்து ஸ்லைடைப் பார்க்கறேன்."

இரண்டு நிமிடத்தில் அவள் செல்ஃபோன் அடித்தது. தம்பி.

"அக்கா... பெரிய டாக்டரே வந்து என்னை எழுந்திரிக்கச் சொன்னார். நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

"வேற மருந்து வரும்டா. நீ வீட்டுக்கு வா."

அதற்கு மேல் பேச முடியாமல் அவள் சுவரில் சாய்ந்து வாய் விட்டு அழுதாள். தம்பிக்காகப் பாதி, கண்ணாடி சாருக்காகப் பாதி.

கான்ஸ்டபிள் டைரக்டரின் கையில் விலங்கை மாட்டிவிட்டுத் தயங்கினான்.

"மேடம், ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கணுமே?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எதுக்குய்யா? அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரே... ஆண் எலி, ஆரோக்கியம்னு! அப்படியே ஜீப்புல ஏத்து!"