டப்பாவுக்குள் ஒரு ரொட்டித் துண்டு

“…அவளைத் தவிர அந்த டப்பாவை யாரும் தொடமாட்டாங்க சார். அவதான் சர்க்கரையை மாத்தியிருக்கா.”

சொன்னவர் பேக்கரி முதலாளி. கேட்டுக்கொண்டிருந்த துப்பறிவாளர், ஊசிப்போன பண்டத்தைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். கூட வந்த தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குள் பாதிச் சமையலறையை மோந்து பார்த்துவிட்டாள்.

புகார் இதுதான். இஞ்சி பிஸ்கட்டுக்கும் காபியில் ஊற்றும் பாகுக்கும் வைத்திருந்த பழுப்புக் கரும்புச் சர்க்கரையை பிஸ்கட் போடும் பெண் திருடிவிட்டு, சாயமேற்றிய வெள்ளைச் சர்க்கரையை நிரப்பிவிட்டாள். திங்கட்கிழமை மாலை விடுப்பில் போனவள், வெள்ளிக்கிழமையான இன்று திரும்பியதும் வாசலிலேயே நிறுத்தப்பட்டாள். இனி எந்த பேக்கரியும் அவளைச் சேர்க்காதபடி முதலாளி எல்லோருக்கும் போன் போடப் போகிறாராம்.

“கண்டுபிடிச்சது யாரு?”

“நான்தான்,” என்றான் முதலாளியின் மச்சான். தினமும் அவளுக்கு டப்பாவைத் திறந்துவிடுபவன் அவன்தான்; அதன் ஒரே சாவி அவன் இடுப்பில் தொங்கியது. “காலையில திறந்து ஒரு சிட்டிகை தண்ணியில போட்டேன். சாயம் கரைஞ்சு வெள்ளையா நிக்குது! வேற எதையும் தொடாம பூட்டிட்டேன். நடுவுல மூணு நாளும் யாரும் திறக்கல.”

“அண்ணா, ஒரு எறும்புகூட இல்ல!” என்றாள் தங்கை.

“மூடி இறுக்கமா இருக்கு. பெரிய கண்டுபிடிப்பு.”

துப்பறிவாளர் சாவியை வாங்கி டப்பாவைத் திறந்தார். சர்க்கரையின்மேல் ஒரு ரொட்டித் துண்டு.

“அது அவ பழக்கம் சார்,” என்றான் மச்சான் உற்சாகமாக. “சர்க்கரை கல்லாயிடாம இருக்க வைப்பா. திங்கக்கிழமை வெச்சதுதான். அவ நிரப்பினதுக்கு அதுவே சாட்சி.”

துப்பறிவாளர் ரொட்டியை அழுத்தினார். விரல் பதிந்தது.

“ஈரத்தைச் சர்க்கரைக்குக் குடுத்துட்டு ரொட்டி விறகா காஞ்சுடும். அதனாலதான் அந்தப் பொண்ணு அடிக்கடி மாத்துவா. இது மெத்துன்னு இருக்கு, இன்னிக்கு வெச்சது. அவ வாசலைத் தாண்டல, சாவி உங்ககிட்ட. அவளை மாதிரியே செய்யத் தெரிஞ்சுது, ஏன் செய்யறான்னு கேக்க மட்டும் தோணல. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் அடுப்படி தெரியணும் தம்பி.”

“என் வீட்டுக்காரிக்கு அந்த வேலை கிடைச்சா…” மச்சான் மென்று விழுங்கினான்.

முதலாளி வாசலுக்குப் போனார். அசடு வழிந்தபடி, “சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. உள்ள வா, அடுப்பு சும்மா கெடக்கு,” என்றார்.

அவள் அசையவில்லை. பின்னால் வாடிக்கையாளர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

“இதே வாசல்ல நின்னு, இத்தனை பேர் கேக்க என்னைத் திருடின்னீங்க. அதே சத்தத்துல, நான் திருடலைன்னு சொல்லுங்க.”