கணினியை எழுப்பிய வாலு

அந்த வீட்டுக் கணினியைப் போல ஆற அமர எழுந்திருக்கும் கணினியை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகலாம். தலை துவட்டிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போன வாரம் அக்காவின் இணையவழி வேலை நேர்காணல் அதனால்தான் கைநழுவிப் போனது. கணினி கண் திறப்பதற்குள் அவர்கள் வேறொருவரை அழைத்துவிட்டார்கள். பாவம் அக்கா, யாரையும் குறை சொல்லவில்லை. இன்று இன்னொரு நேர்காணல் வந்திருந்தது.

"இதைத் தூக்கிப் பழைய இரும்புக் கடையில போடணும்," என்றார் அப்பா.

"புதுசு வாங்கித் தர்றீங்களா?" என்று அம்மா கேட்டதும் அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வீட்டின் கடைக்குட்டிக்கு 'வாலு' என்று பட்டப்பெயர். அவள் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அது என்னதான் செய்கிறது என்று வீட்டில் யாருமே பார்த்ததில்லை.

முதலில் அப்பாவின் சதுரங்கம் எட்டிப் பார்த்தது. பிறகு அம்மாவின் வானொலி. அப்புறம் கார் பந்தயம், பலூன் விளையாட்டு, ஆடும் பூனை... பள்ளி மணி அடித்ததும் ஒரே வாசலில் எல்லோரும் முண்டியடிப்பது போல வந்துகொண்டே இருந்தன.

வாலுவுக்குத் திக்கென்றது. பந்தயம், பலூன், பூனை எல்லாமே அவள் ஏற்றி வைத்தவை!

கணினி எழும்போது தானாகத் திறப்பவற்றை எப்படி நிறுத்துவது என்று வகுப்பில் டீச்சர் காட்டியிருந்தார். வாலு அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். முதலில் தன்னுடையவற்றை எல்லாம் நிறுத்தினாள்.

"அப்பா, உங்க சதுரங்கத்தையும் நிறுத்தவா?"

"ஐயோ, அழிச்சிடாதே!"

"அழிக்கலப்பா. நீங்க கூப்பிட்டா உடனே வரும்."

"கூப்பிட்டதும் வருமா? இந்த வீட்டுல அது அதிசயம்தான்!" என்று அம்மா சிரித்தார். "என் வானொலியையும் நிறுத்திடு."

கணினியை அணைத்து மறுபடி போட்டாள் வாலு. அக்கா தலை வாரி முடிப்பதற்குள் அது தயாராக இருந்தது.

அக்கா உள்ளே போனதும் அறைக் கதவு மூடியது. வாலு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாகக் கதவு திறந்தது.

"வேலை கிடைச்சுதா அக்கா?"

"அதை நாளைக்குத்தான் சொல்வாங்க. ஆனா நான் பேசினதை முழுசா கேட்டாங்க. எல்லாம் உன்னாலதான்டி!"

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். "போன வாரம் கெட்டுப்போனதும் என்னாலதான் அக்கா. என் விளையாட்டுங்கதான் நிறைய இருந்துச்சு."

 அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதுக்கும் சேர்த்துத் தேங்க்ஸ்டி."

அன்று முழுவதும் வாலுவின் கால் தரையில் பாவவே இல்லை.