தகவல் கொடுத்தவர்: தம்பி

தாத்தாவுக்குத் தம்பியே கிடையாது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, அந்தச் செல்லத்திலேயே கெட்டுப்போனவர். ஆனால் அவருடைய இறப்புப் பதிவில், 'தகவல் கொடுத்தவர்' என்ற கட்டத்தில், 'தம்பி' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, அவ்வளவுதான்.

திருத்திக்குச் சிரிப்பு வந்தது. எழுதியவன் பாதித் தூக்கத்தில் எழுதியிருப்பான்.

திருத்தி என்பது அக்கா வைத்த பெயர். முப்பது வருடம் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தியவர். கல்யாண அழைப்பிதழை நீட்டினால்கூட வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் பேனாவைத் தேடுவார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா ஒருத்திதான். அவளுக்கு அடுத்த வாரம் இதயத்தில் அறுவை சிகிச்சை. "அதுக்குள்ள நம்ம வம்சத்த ஒரு தாள்ல எழுதிக் குடுடா. யார் யாருக்குப் பொறந்தோம்னு தெரிஞ்சுக்கறேன்" என்று கேட்டிருந்தாள். அதற்காகத்தான் நான்கு நாளாக அவள் வீட்டில் தங்கி, பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார்.

பெட்டிக்குள் இருந்தது அவர் எதிர்பார்த்த குப்பைதான். சொந்த ஊர்ப் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத காட்டான்களின் கடிதங்கள். மாடு செத்தது, மழை இல்லை, வயிற்றுவலி. படங்களில் அட்டைபோல விறைத்து உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள். மூன்று படங்களில் வலது ஓரத்தைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். வெட்டுப்பட்டவனின் கை மட்டும் உட்கார்ந்திருப்பவரின் தோளில் மிச்சமிருந்தது. பங்காளிச் சண்டை என்று திருத்தி உதட்டைப் பிதுக்கினார். இந்தக் கும்பலுக்கு வெட்டவும் தெரியவில்லை.

இப்போது, இறந்த தேதிகளைத் தேடி வந்திருந்த பதிவு அலுவலகத்தின் பின்னறையில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. சுற்றுவட்டார ஊர்களின் பழைய பேரேடுகள் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருந்தன. பூச்சி உருண்டையும் ஈரக் காகிதமும் கலந்த நெடி மூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது. மதியம் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது.

கொள்ளுத்தாத்தாவைத் தேடி எடுத்தார். ஐந்து பிள்ளைகளில் கடைசி. தகவல் கொடுத்தவர்: தம்பி.

சின்ன அத்தை. அவளுக்குப் பிறகு அந்த வீட்டில் குழந்தையே பிறக்கவில்லை. தகவல் கொடுத்தவர்: தம்பி.

மூன்று பேரேடு, மூன்று கையெழுத்து, நடுவில் எழுபது வருடம். ரேகை மட்டும் ஒன்றே. குறுக்கே ஒரு தழும்பு, அரிசி நீளத்துக்கு.

திருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் தேதிகள் கண்ணில் பட்டன. தொழில் பழக்கம், பிழை இருந்தால் தானாகவே கண் அங்கே போய் நிற்கும். மூன்று பதிவிலும், தகவல் கொடுத்த நாள் இறந்த நாளுக்கு முந்தைய நாளாக இருந்தது.

நாள்கூட எண்ணத் தெரியாத முட்டாள்கள் என்று முணுமுணுத்தார். முணுமுணுப்பு அந்த அறையில் சரியாக ஒலிக்கவில்லை. கூடவே, காலையில் படித்து எகத்தாளமாகத் தள்ளிவைத்த ஒரு கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. சின்ன அத்தை எழுதிய கடைசிக் கடிதம். 'தம்பி வந்திருக்கிறான். பேச்சுக் குறைவு. இத்தனை நாள் எங்கே இருந்தானோ, இவனை விட்டால் எனக்கு யார்.' ஓசிச் சோற்றுக்கு ஒண்டிய ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம் என்றுதான் அப்போது நினைத்தார்.

பேரேட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். மேஜையில் எழுத்தர் அம்மா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"இது என்னம்மா லட்சணம்? சாவுக்கு முன்னாடியே பதிஞ்சு வெச்சிருக்கீங்க. இல்லாத தம்பி வந்து ரேகை வெச்சிருக்கான். இது அலுவலகமா, கூத்துக் கொட்டகையா?"

அவள் நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில வந்தப்ப இவ்வளவு பேசலையே சார் நீங்க."

"நான் காலையில வரல. ரெண்டு மணிக்குத்தான் வந்தேன்."

"நல்லா இருக்கே! பத்து மணிக்கு வந்து, அக்கா தவறிட்டாங்கன்னு சொல்லி ரேகை வெச்சுட்டுப் போனது யாரு?"

நடப்புப் பேரேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அக்காவின் பெயர். அக்காவின் வயது. வீட்டு எண். தகவல் கொடுத்தவர்: தம்பி. தகவல் கொடுத்த நாள் இன்று.

இறந்த நாள் நாளை.

ரேகையின் மை இன்னும் முழுக்கக் காயவில்லை. குறுக்கே ஒரு தழும்பு.

கைபேசியை எடுத்து அக்காவை அழைத்தார். நான்காவது முறை மணி ஒலித்தபோது எடுத்தாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"அக்கா, நான்தான்."

"நான்தான்னா யாருப்பா?"

"உன் தம்பிக்கா. திருத்தி."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவள் குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள், வேண்டாத ஆளிடம் மரியாதைக்குப் பேசுவதுபோல. "என் தம்பி இங்க என் எதிர்லதான் உக்காந்திருக்கான். நீங்க யார்னு தெரியல. இன்னிக்குத்தான் அவன் ஒரு குறை சொல்லாம, ஒரு குத்தம் கண்டுபிடிக்காம, என் பக்கத்துல உக்காந்திருக்கான். தொந்தரவு பண்ணாதீங்க."

"அக்கா, வெளிய வா. கதவைத் திறந்து வெளிய..."

வைத்துவிட்டாள்.

பேருந்தில் இருபது நிமிடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மெல்ல ஏறிய ஜனங்களை அவர் வெறுத்தார். பையைத் தேடியவளை, சில்லறைக்குத் தகராறு செய்தவனை, ஓட்டுநரை. வெறுப்பு ஒன்றுதான் அவருக்குக் கைவந்த வேலை. அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அக்காவிடம் கடைசியாக என்ன சொன்னோம் என்று யோசித்தார். காலையில் அவள் காப்பிக் கோப்பையை நீட்டியபோது, வம்சம் என்ற சொல்லை அவள் துண்டுச்சீட்டில் பிழையாக எழுதியிருந்ததைச் சொன்னார். கோப்பையை வாங்கினாரா என்பது ஞாபகம் இல்லை.

தெருமுனையிலிருந்து ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அது ஓட்டமும் இல்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். பதில் இல்லை. பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனார். கம்பிகள் வெயிலில் சுட்டன. உள்ளே இருட்டு. கண் பழக நேரம் பிடித்தது.

அக்கா சாய்வு நாற்காலியில் இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓர் ஆள். திருத்தியின் நீலச் சட்டை. திருத்தியின் நரைத்த பின்னந்தலை. அவள் அந்தத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவரைத்தான் பார்த்தாள். முகத்தில் அவரை அடையாளம் கண்டுகொண்ட குறி எதுவும் எழவில்லை. பயம்தான் எழுந்தது. தெருவில் போகும் பைத்தியத்தைக் கண்ட பயம். கீழே இருந்தவனை இரண்டு கையாலும் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"யாருடா அது தம்பி? போகச் சொல்லுடா."

அது திரும்பியது.

மெதுவாக.

அந்த அகன்ற தோளின் மேல், சுருக்கம் விழுந்த கழுத்தின் மேல், ஒரு குழந்தையின் முகம். அவருடைய முகம். ஏழு வயதில் இருந்த முகம். முன்பல் இரண்டு விழுந்த வாய். யாரையும் இன்னும் இளக்காரமாகப் பார்த்துப் பழகாத கண்கள்.

அது அவரைப் பார்த்தது. கோபம் இல்லை. அக்கறையும் இல்லை.

பிறகு அந்தச் சின்ன முகத்தை அக்காவின் நெஞ்சில் வைத்தது. காதை அழுத்தியது. கண்ணை மூடியது. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், தூங்கவைப்பதுபோல.

கம்பியைப் பிடித்தபடி திருத்தி கத்தினார். 

உள்ளே, அக்காவின் நெஞ்சோடு ஒட்டியிருந்த அந்தப் பல்லில்லாத வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல். ஒவ்வொரு துடிப்பாக எண்ணிக்கொண்டிருந்தது.