ஏழாம் வரி

செல்லப்பாக்கியம் ஏழாவது பெயரையும் வாசித்துவிட்டாள். அவள் கையிலிருந்த புத்தகத்தில் ஏழாவது பெயரே இல்லை.

கதிரேசு பென்சிலைப் புரூப் தாளில் ஊன்றியபடி நிமிர்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மனைவி மூலநூலை உரக்க வாசிக்க, இந்தப் பக்கம் அவர் புரூப்பில் பிழை பார்ப்பது மூன்று மாதமாக நடக்கிற வேலை. மலாயாவில், ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில், அவர்களுடைய பலகை வீட்டின் தகரக் கூரையை மார்கழி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கே விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

“இப்ப என்ன பேர் வாசிச்சனீர்?”

“என்ர பேர்தான். புத்தகத்தில கிடந்ததைத்தானே வாசிச்சன்.”

அவர் புத்தகத்தை இழுத்துப் பார்த்தார். ஆறு பெயர்கள். அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் தாள்.

நாற்பது வருடத்துக்கு முன் ஒரு பண்டிதர் எழுதிய ஏரிக்கரை ஆராய்ச்சி அது. கையிலிருந்த இந்த ஒன்றைத் தவிர எங்கும் பிரதி கிடைக்காமல் போன நூல். தமிழ் வரலாற்றுக்குத் தன்னால் ஆன தொண்டு என்று கதிரேசு மறுபதிப்புக்கு இறங்கியிருந்தார். கரை உடையாமலிருக்க உயிரோடு புதைக்கப்பட்டுக் காவல் தெய்வமான பெண்களைப் பற்றி அதில் ஓர் அதிகாரம். ஒரு கரைக்கல்லில் ஆறு பேரின் பெயர்கள். அடிக்குறிப்பில் பண்டிதர் எழுதியிருந்தார்: ‘ஏழாம் வரி தேய்ந்ததன்று, வெட்டாமல் விட்டது. அவ்விடம் இன்னும் ஆளுக்குக் காத்திருக்கிறது என்பர் அவ்வூரார்.’

அரசாங்கக் கந்தோரில் இருபத்தைந்து வருடம் கோப்புப் பார்த்த மனிதருக்கு வெற்றிடம் கண்டால் கை ஊறும். பண்டிதர் சோம்பல்பட்டு விட்டார், தான் எங்காவது தேடிப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. அதுவரைக்கும் அந்த வரியில் இடம் பிடிக்க ஏதாவது வேண்டுமே. நூலை மனைவிக்குக் காணிக்கையாக்கிய பக்கம் முன்பே ஈய எழுத்தில் கோத்து, அச்சுக்கூடத்தில் கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தது. “அதிலயிருந்து அவவின்ர பேரை எடுத்து வை மணியம், பிறகு மாத்துவம்” என்று அச்சுக்கோர்ப்பவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தார். பாக்கியத்திடம் சொல்லவில்லை. புரூப் அவர் பக்கத்தில்தான் இருந்தது; அவள் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“பகிடி விடாதையும்” என்றார்.

“நான் ஏன் பகிடி விடப்போறன்? இஞ்சருங்கோ, காலெல்லாம் குளிருது. கூரை ஒழுகுதோ பாருங்கோ.”

கூரை ஒழுகவில்லை. நாற்காலியைச் சுற்றிப் பலகை காய்ந்து கிடந்தது. ஆனால் ஒரு மணம் வந்தது. மழை மணமோ, பின்னாலிருந்த ரப்பர்த் தோட்டத்துப் புளித்த பால் மணமோ அல்ல, வெகுநாள் தண்ணீர் நின்று வற்றிய குளத்தைக் கிளறினால் எழுமே அந்தச் சேற்று மணம். அவர் குனிந்து விளக்கைப் பிடித்தார். அவளுடைய பாதம் இரண்டிலும் கணுக்கால் வரை சேறு. தம்போய் மண் இரத்தச் சிவப்பு. இது கறுப்பு.

கையால் துடைத்துவிட்டார். துடைத்த இடத்தில் மறுபடியும் ஊறியது.

“அசையாமல் இரும். இந்தா வந்திட்டன்” என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பஸ் பிடித்து ஜொகூர் பாருவில் இறங்கி அச்சுக்கூடத்துக்குள் நனைந்தபடி அவர் நுழைந்தபோது, மணியம் பக்கத்தை இன்னும் இயந்திரத்தில் ஏற்றவில்லை.

“எடு. அந்தப் பேரை உடனே எடு.”

“எனக்கும் மனசு ஒப்பலைங்கய்யா. உயிரோட இருக்கறவங்க பேரு. நீங்க சொன்னீங்களேன்னுதான் வெச்சேன்.”

பக்கத்தை இறுக்கியிருந்த சட்டத்தைத் தளர்த்தி, கவ்வியால் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார் மணியம். எடுத்த விரல்களைத் துணியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“மை இப்படி ஈரமா இருக்காதே” என்று முணுமுணுத்தார்.

அந்த இடத்தில் வெற்று ஈயக்கட்டைகளை அடைத்து, புதிதாக ஒரு புரூப் எடுத்துக் கொடுத்தார். ஆறு பெயர்கள். கீழே வெறும் தாள். கதிரேசு அதை வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை பார்த்தார். கண்ணீர் வந்துவிட்டது. பண்டிதர் விட்டது விட்டபடியே இருக்கட்டும், இனி ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் ஏறும்போதே அவள் குரல் கேட்டது. வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரே சீராக, களைப்பில்லாமல். அப்பாடா என்றிருந்தது.

“பாக்கியம், எடுத்தாச்சு. பயப்பிடாதையும்.”

குரல் நிற்கவில்லை. விளக்கு அணைந்திருந்தது. மேசையில் பழைய நூல் விரித்தபடி கிடந்தது. சன்னல் வெளிச்சத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்தார்.

ஏழாவது வரி.

செல்லப்பாக்கியம்.

மற்ற ஆறு பெயர்களைப் போலவே பழுத்துப் பழுப்பேறிய மை. அதே பழைய எழுத்து. பக்கத்தின் குறுக்கே போன பூச்சித்துளை ஒன்று அந்தப் பெயரையும் அரித்துக்கொண்டு போயிருந்தது.

நாற்பது வருடத்துத் துளை.

கையிலிருந்த புதுப் புரூப் நழுவியது. அது விழுந்த இடத்தை நோக்கிக் கண் போனது. அப்போதுதான் அவளைக் கண்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம். தரையில்.

நாற்காலி வெறுமையாக இருந்தது. அதனருகே, தூண்களின் மேல் நிற்கிற அந்த வீட்டின் உடையாத, விரிசலில்லாத, காய்ந்த பலகைக்கு மேலே அவளுடைய மார்பும் தோளும் தலையும் மட்டும் இருந்தன. கைகள் வெளியே இல்லை. கழுத்தைச் சுற்றிக் கறுப்புச் சேறு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

அவர் விழுந்து தோளைப் பிடித்து இழுத்தார். கல்லாக இருந்தது.

“பாக்கியம்.”

அவள் முகத்தில் வலியில்லை. எதிரே பார்த்துக்கொண்டு வாசித்தாள். முதல் பெயர். இரண்டாம் பெயர். ஆறாம் பெயர். தன் பெயர்.

பிறகு எட்டாவதாக ஒரு பெயர் வாசித்தாள்.

கதிரேசுவின் கால் குளிர்ந்தது.