பழுப்பான தண்ணீர்

தையல்கார அக்காவின் கடை, குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறை. வாசலில் ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரு ஜாடித் தண்ணீர், இரண்டு டம்ளர். விளையாடிக் களைத்த பிள்ளைகள் யாரும் தண்ணீருக்காக மாடி ஏற மாட்டார்கள். ஜாடியைக் காலி செய்துவிட்டு மறுபடியும் ஓடுவார்கள்.

"டம்ளரைக் கவுத்து வைங்க, தாகப் பிசாசுகளா!" என்று மெஷினை நிறுத்தாமலே அக்கா கத்துவார்.

ஒரு சனிக்கிழமை மாலை, டை கட்டிய அண்ணன் ஒருவர் வந்தார். வீடு வீடாகப் போய், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் விற்பவர்.

"உங்க தண்ணி எப்படின்னு சோதிச்சுக் காட்டறேன். இலவசம்!" என்றார்.

இலவசம் என்றதும் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது.

அவர் ஒரு கண்ணாடி டம்ளரில் அக்காவின் ஜாடித் தண்ணீரை ஊற்றினார். இன்னொன்றில், தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர். அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, கம்பிகளை ஜாடித் தண்ணீரில் விட்டார்.

குமிழி வந்தது. தண்ணீர் மஞ்சளானது, பிறகு பழுப்பானது. கசடு திரண்டு மிதந்தது.

கம்பிகளைத் துடைத்து, பாட்டில் தண்ணீரில் விட்டார். அது அப்படியே தெளிவாக இருந்தது.

"ஐயய்யே! இந்தச் சாக்கடையையா நாங்க இத்தனை நாளும் குடிச்சோம்?"

கத்தியது வாயாடி. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புழங்கியது.

எல்லோரும் சிரித்தார்கள். வாயாடிக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"புதன்கிழமை மறுபடி வரேன். மெஷின் வேணுங்கறவங்க முன்பணம் எடுத்து வைங்க" என்றார் டை அண்ணன்.

மறுநாள் ஸ்டூல் காலியாக இருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தார்கள். துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருவர், "உங்க தண்ணியிலதான் கசடு வந்துச்சாமே?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்தார். வாயாடி அதைக் கேட்டுக்கொண்டே படியேறினாள்.

"அம்மா, நம்ம எல்லாருக்கும் ஒரே தொட்டித் தண்ணிதானே? அப்புறம் ஏன் அக்காவை மட்டும் பேசறாங்க?"

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "நீ கத்தினது அப்படி."

அன்று இரவு வாயாடி வாயே திறக்கவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அறிவியல் வகுப்பில் ஒரு சோதனை. பாட்டரியிலும் பல்பிலும் இணைத்த இரண்டு கம்பிகளை டீச்சர் மிகச் சுத்தமான தண்ணீரில் வைத்தார். பல்பு எரியவில்லை. கொஞ்சம் உப்புப் போட்டதும் எரிந்தது.

வாயாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த பாட்டில் தண்ணீரில் மின்சாரம் போகவே இல்லையோ? அப்படியானால் கசடு எங்கிருந்து வந்தது? மணி அடித்ததும் டீச்சரிடம் போய்க் கேட்டாள்.

புதன்கிழமை டை அண்ணன் வந்தார். கையில் பணத்தோடு எல்லோரும் நின்றார்கள். அக்கா மட்டும் வெளியே வரவில்லை.

"அண்ணா, உங்க பாட்டில் தண்ணியில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டுங்களேன்" என்றாள் வாயாடி.

"எதுக்கும்மா? போய் விளையாடு."

"போடுங்க தம்பி" என்றார் மாடி வீட்டு கண்டக்டர் மாமா. "டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி ஏன் முழிக்கறீங்க?"

அதற்குள் வாயாடியின் அம்மா வீட்டிலிருந்து உப்பு கொண்டுவந்து, டம்ளரில் இருந்த பாட்டில் தண்ணீரில் போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் டை அண்ணன் கம்பிகளை உள்ளே விட்டார்.

குமிழி பொங்கியது. ஜாடித் தண்ணீரைவிட வேகமாகப் பழுப்பானது.

"தினம் சாப்பிடற உப்புதானே இது?" என்றார் அம்மா.

"அழுக்கு தண்ணியில இல்லம்மா. மின்சாரம் போனா கம்பிதான் கரையுது. அந்த இரும்புதான் இப்படி வருது" என்றாள் வாயாடி.

டை அண்ணன் அவசரமாகப் பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று தெருவில் இறங்கினார். திரும்பி வரவே இல்லை.

"இறங்கற இடம் வந்துடுச்சு போல" என்றார் கண்டக்டர் மாமா. ஆளாளுக்கு வாயாடியின் முதுகில் தட்டினார்கள். அவரவர் பணத்தோடு வீட்டுக்குப் போனார்கள். கடைக்குள் எட்டிப் பார்த்து அக்காவிடம் ஒரு வார்த்தை பேச யாருக்கும் தோன்றவில்லை.

வாயாடி மட்டும் வாசலில் நின்றாள்.

"அக்கா, அன்னிக்கு நான் கத்தினது தப்பு."

"சரி, விடு." மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் இருக்கறப்போ சொல்லியிருக்கணும். இப்ப எல்லாரும் போயிட்டாங்க."

மெஷின் ஓடியது.

"அக்கா, தண்ணி தரீங்களா?"

"மாடியில உங்க வீட்டுல தண்ணி இல்ல?"

"இருக்கு."

மெஷின் நின்றது. அக்கா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். வாயாடிக்குத் தாகமே இல்லை. ஒரு சொட்டுகூட விடாமல் குடித்தாள்.

"இன்னொரு டம்ளர்?"

கொடுத்தார். குடித்தாள்.

"இன்னும்..."

"போதும்டி. வயிறு கிழிஞ்சா அதையும் நான்தான் தைக்கணும்."

அக்கா முழுதாகச் சிரிக்கவில்லை. பாதிதான். மீதிப் பாதிக்காக, நாளைக்கும் தாகத்தோடு வருவதென்று வாயாடி முடிவு செய்தாள்.